ஒலியும் ஒளியும்: துப்பாக்கிக் குழல்முனையில் ஒரு சட்டச்சொல்லின் வரலாறு

1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில் சுடுகலன் என்னும் சொல்லுக்கு வரையறை தருகிறது. வெடிப்பொருளின் ஆற்றலாலோ பிறவகை ஆற்றலாலோ எறிபொருளைச் செலுத்துவதற்கென வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எவ்வகை ஆயுதமும் சுடுகலன் என்று கூறியபின், அச்சொல்லில் அடங்கும் வேறு சிலவற்றையும் அது வரிசைப்படுத்துகிறது. பீரங்கி, கையெறி குண்டு முதலியவற்றை அடுத்து, சுடும்போது எழும் ஒலியையோ ஒளியையோ குறைப்பதற்கென வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட துணைக்கருவிகளும் அவ்வரிசையில் வருகின்றன. சில அங்குல நீளமுள்ள எஃகுக் குழாய் ஒன்றினால் எதையும் சுட இயலாது. அதில் விசை இல்லை. தோட்டா அறை இல்லை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது தனித்தே ஒரு சுடுகலன்.

இத்தகைய வரையறை எங்கிருந்து வந்தது? குழலின் முனையில் எதைப் பொருத்துவது என்று படைகள் தேர்ந்தெடுத்த காரணங்களும், அதைக் கண்டு சட்டம் அஞ்சிய காரணங்களும் ஒன்றுதானா? இவ்வினாக்களுக்கு விடை காண உலோகத்தின் வரலாற்றையும் சொல்லின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் உலோகம். தோட்டாவின் வெடிமருந்து எரிந்து உண்டாக்கும் வாயு குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. குண்டு வெளியேறிய கணத்தில் அதன் பின்னே மிகுந்த அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் அவ்வாயு வெளிப்படுகிறது. அதனால் நான்கு விளைவுகள் தோன்றுகின்றன. துப்பாக்கி பின்னோக்கித் தோளை உதைக்கிறது. குழலின் முனை மேலெழுகிறது. முழுமையாக எரியாத வாயு வெளிக்காற்றின் உயிர்வளியோடு கலந்து தீப்பிழம்பாகப் பளிச்சிடுகிறது. அழுத்தம் ஒரே நொடியில் விடுபடுவதால் பேரோசை எழுகிறது. குழல்முனைக் கருவிகள் அனைத்தும் இந்நான்கில் ஒன்றையோ சிலவற்றையோ குறைக்கத் தோன்றியவை. உதைப்பைக் குறைப்பது மசில் பிரேக். முனை மேலெழுவதைக் குறைப்பது காம்பன்சேட்டர். பளிச்சிடலைக் குறைப்பது பிளாஷ் ஹைடர். ஓசையைக் குறைப்பது சைலன்சர்.

நான்கையும் ஒருசேரக் குறைப்பது எளிதன்று. மசில் பிரேக் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்புகிறது. சுடுபவரின் தோளுக்கு அது ஆறுதல். பக்கத்தில் படுத்திருப்பவரின் காதுக்குத் துன்பம். பிளாஷ் ஹைடர் வாயுவைச் சிதறச் செய்து பிழம்பைச் சிறிதாக்கும். உதைப்பை அது பெரிதும் குறைப்பதில்லை. சைலன்சர் வாயுவைத் தன் அறைகளில் விரிந்து தணியச் செய்யும். அதற்கு விலையாக நீளமும் எடையும் கூடும். ஆகவே குழல்முனைக் கருவியைத் தேர்வது என்பது நான்கு தொல்லைகளுள் எதைக் குறைப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது, அதை யார் பொறுத்துக்கொள்வது என்று முடிவுசெய்வதாகும்.

எடை குறைந்த துப்பாக்கியில் இம்முடிவு மேலும் கடினமாகிறது. எடை குறைந்தால் அதே தோட்டா கூடுதலான வேகத்தில் துப்பாக்கியைப் பின்தள்ளும். எடையைக் குறைக்கும் எளிய வழி குழலைக் குறுக்குவது. குழல் குறுகினால் வெடிமருந்து உள்ளேயே எரிந்து முடியப் போதிய இடமிராது. பிழம்பும் ஓசையும் பெருகும். தோளில் சுமக்க இலகுவான துப்பாக்கி, சுடும்போது முரடாகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து படைகள் இச்சிக்கலோடு போராடிவந்துள்ளன.

அமெரிக்கப் படை 1940களின் தொடக்கத்தில் ஏற்ற எம்1 கார்பைன் ஏறத்தாழ 2.4 கிலோகிராம் எடையுள்ள அரைத் தானியங்கித் துப்பாக்கி. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட அத்துப்பாக்கியின் பொதுவகையில் குழல்முனைக் கருவி ஏதுமில்லை. போரின் இறுதிக்கட்டத்தில் அகச்சிவப்புக் கதிரால் இருளில் காணும் கருவியை அதன்மேல் ஏற்றியபோது புதிய இடர் தோன்றியது. இருளில் காண வந்தவரின் பார்வையை அவருடைய துப்பாக்கியின் சுடரே கெடுத்தது. எனவே அவ்வகைக்குக் கூம்பு வடிவப் பிளாஷ் ஹைடர் சேர்க்கப்பட்டது. எதிரி காணாதிருக்கவே பிளாஷ் ஹைடர் என்பது பரவலான எண்ணம். பக்கவாட்டில் நிற்கும் எதிரிக்குச் சுடரின் ஒரு பகுதி தெரியவே செய்யும். அக்கருவி முதன்மையாகக் காப்பது இருளுக்குப் பழகிய சுடுபவரின் கண்ணை.

பிரிட்டன் 1944இல் தூரகிழக்குப் போர்க்களத்தை எண்ணி உருவாக்கிய ‘ஜங்கிள் கார்பைன்’ மற்றொரு சான்று. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியைக் குறுக்கி, மரத்தையும் எஃகையும் செதுக்கி, ஏறத்தாழ 3.2 கிலோகிராமுக்குக் கொண்டுவந்தனர். பெரிய தோட்டா மாறவில்லை. ஆகவே முனையில் புனல் போன்ற பிளாஷ் ஹைடரும், தோளில் படும் கட்டையில் ரப்பர் மெத்தையும் தேவைப்பட்டன. அவ்வாறு செய்தும் உதைப்பு கடுமையாகவே இருந்தது. குறி ஓரிடத்தில் நிலைப்பதில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சில ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரநிலைக் காலத்தில் காட்டிலும் தோட்டப்புறங்களிலும் அது வழங்கியது. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றில் அப்புனல் முனைக்கும் ஓரிடம் உண்டு.

அமெரிக்காவின் எம்16, தேர்வுகள் எவ்வாறு திருத்தம் பெறுகின்றன என்பதைக் காட்டுகிறது. தொடக்கத்தில் அதன் முனையில் மூன்று கவைகளாகப் பிரிந்த பிளாஷ் ஹைடர் இருந்தது. சுடரைத் தணிப்பதில் அது சிறந்தது. ஆனால் வியட்நாமின் செடிகொடிகளில் சிக்கிக்கொண்டது. 1960களின் பிற்பகுதியில் கவைகளின் நுனிகளை வளையத்தால் மூடிய ‘பறவைக்கூண்டு’ வடிவம் அதன் இடத்துக்கு வந்தது. 1980களில் வந்த எம்16ஏ2 வகையில் கூண்டின் அடிப்பக்கத் துளைகள் அடைக்கப்பட்டன. படுத்துச் சுடும்போது வாயு மண்ணைக் கிளப்பாதிருக்கவும், மேல்நோக்கி வெளியேறும் வாயு முனையைச் சற்றே கீழே அழுத்தவும் அது உதவியது. ஒரே கருவி பிளாஷ் ஹைடராகவும் ஓரளவு காம்பன்சேட்டராகவும் ஆயிற்று. சோவியத் தரப்பின் தேர்வுகள் வேறு வழியில் சென்றன. 1959இல் வந்த ஏ.கே.எம். துப்பாக்கியில் சாய்வாக வெட்டிய எளிய காம்பன்சேட்டர், ஏ.கே.74இல் பெரிய மசில் பிரேக். பின்னதில் உதைப்பு மிகவும் குறைந்தது; ஓசை பக்கத்திலிருப்போர் மேல் சென்றது.

இந்தியாவில் இத்தேர்வு முற்றிலும் அரசின் கையில் இருந்துவந்துள்ளது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் இந்திய வீரர்களின் கையிலிருந்த .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் கருவி ஏதுமில்லை. பின்னர் இஷாப்பூரில் செய்யப்பட்டு வழக்குக்கு வந்த எஸ்.எல்.ஆர். என்னும் 7.62 மி.மீ. அரைத் தானியங்கித் துப்பாக்கி நீண்ட பிளவுகளுடைய பிளாஷ் ஹைடரைக் கொண்டது. புணேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த 5.56 மி.மீ. இன்சாஸ் 1998ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் காட்டப்பட்டு, மறு ஆண்டில் கார்கில் போரைக் கண்டது. இஷாப்பூர், கான்பூர் ஆலைகளோடு 1966இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையும் அதை உற்பத்தி செய்தது. இன்சாஸின் குழல்முனைக் கருவி சுடரைத் தணிப்பதோடு, துப்பாக்கி வழியே எறிகுண்டு செலுத்தும் தாங்கியாகவும் அமைந்தது. பிற நாட்டு எறிகுண்டுகளும் பொருந்தும்படி உலகில் பரவலாக ஏற்கப்பட்ட 22 மி.மீ. விட்டத்தை அது கொண்டது. இங்கே வடிவத்தை முடிவுசெய்தது சுடுபவரின் கண்ணோ தோளோ மட்டுமன்று. குழலுக்கு வெளியே பொருத்தப்படும் இன்னோர் ஆயுதமும் அதை முடிவுசெய்தது.

இனிச் சொல்லின் வரலாறு. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் துப்பாக்கி, வாள், ஈட்டி, பீரங்கி, ஆயுதங்களின் உறுப்புகள் என அடுக்கியது; ஒலி, ஒளி பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கவும் இயலாது. அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம் தம் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றது 1909இல். ‘சைலன்சர்’ என்பது அவர் வாணிகத்துக்குச் சூட்டிய பெயர். அப்பெயர் அளவுக்கு மீறியது. பெரும்பாலான ரைஃபிள்களின் வெடியோசை 150 டெசிபெலுக்கு மேற்பட்டது. திடீர் ஓசையில் காது கெடும் எல்லையாகக் கொள்ளப்படுவது 140 டெசிபெல். சைலன்சர் குறைப்பது பொதுவாக 20 முதல் 35 டெசிபெல் வரை. குண்டு ஒலியினும் விரைந்து செல்லும்போது காற்றைக் கிழிக்கும் ஓசையை அது தொடுவதே இல்லை. பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டையாடுவோர் அதைச் செவிப் பாதுகாப்புக்கென்றே பயன்படுத்துகின்றனர்.

ஆயினும் பெயர் உண்டாக்கிய அச்சம் வலுவானது. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டம் சைலன்சருக்குப் பதிவும் 200 டாலர் வரியும் விதித்தது. பிரிட்டிஷ் சட்டமரபோ வேறொரு வழியை மேற்கொண்டது. பெயரைச் சொல்லாமல் செயலைச் சொன்னது: சுடுவதால் எழும் ஒலியையோ ஒளியையோ குறைப்பதற்கென அமைந்த துணைக்கருவி. பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவிலும் இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தொடர் ஏறத்தாழ ஒரே வடிவில் உள்ளது. நான்கு விளைவுகளுள் இரண்டை மட்டுமே அது தேர்ந்தெடுத்திருப்பது கவனிக்கத்தக்கது. உதைப்பும் முனையேற்றமும் சுடுபவரின் சொந்தத் தொல்லைகள். ஒலியும் ஒளியும் பிறருக்குச் சான்று. சுட்டவர் யார், எங்கிருந்து சுட்டார் என்று காட்டிக்கொடுப்பவை. சட்டம் அஞ்சியது சான்று மறைவதைக் கண்டு.

பெயரை நம்பும் சட்டத்துக்கு நேர்வது என்ன என்பதை அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டு வரலாறு உணர்த்துகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 13 அன்று கையெழுத்தாகிப் பத்தாண்டுகள் நடைமுறையிலிருந்த சட்டம், கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டியுள்ள அரைத் தானியங்கி ரைஃபிள்களுக்கு ஐந்து அடையாளங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் இரண்டு இருந்தால் அது தடைக்கு உட்பட்டது. பிளாஷ் ஹைடரும், அதைப் பொருத்துவதற்கான மரையுள்ள குழலும் சேர்ந்து ஓர் அடையாளம். உற்பத்தியாளர் மரையை நீக்கினர். அல்லது மசில் பிரேக்கை நிலையாகப் பொருத்தினர். மசில் பிரேக் பட்டியலில் இல்லை. துப்பாக்கியின் ஆற்றல் குறையவில்லை. பயிற்சிக் களத்தில் பக்கத்தில் நின்றவர் காதில் விழுந்த ஓசை மட்டும் கூடியது.

அதே 1994 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பம்பாய் வழக்கொன்றில் ஓர் இடைச்சொல்லை ஆராய்ந்துகொண்டிருந்தது. 1993ஆம் ஆண்டுத் தொடர் குண்டுவெடிப்பை ஒட்டி எழுந்த ‘சஞ்சய் தத் எதிர் அரசு’ என்னும் வழக்கு அது. தடா சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, அறிவிக்கப்பட்ட பகுதியில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களும் தோட்டாக்களும் உரிமமின்றி வைத்திருப்பதைக் கடுங்குற்றமாக்கியது. பம்பாய் அத்தகைய பகுதி. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனத் தமிழர் செறிந்து வாழும் இடங்களும் அதனுள் அடங்கும். எந்த வகை ஆயுதங்கள் என்பதற்கு அப்பிரிவு 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையைச் சுட்டியது. ஒலியையோ ஒளியையோ குறைக்கும் துணைக்கருவிகள் அவ்வட்டவணையின் முதல் வகையிலேயே இருந்தன.

‘ஆயுதங்களும் தோட்டாக்களும்’ என்பதில் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டுமா, ஒன்று போதுமா? தமிழில் இது உம்மை பற்றிய வினா. உம்மைக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் கூறுகிறது. எண்ணும்மை அவற்றுள் ஒன்று. எண்ணப்பட்டவை கூட்டாக வேண்டுமா, தனித்தனியாகவும் போதுமா என்பதை எண்ணும்மை தானே சொல்லிவிடுவதில்லை. சூழல் சொல்ல வேண்டும். நீதிமன்றம் சட்டத்தின் நோக்கத்தைச் சூழலாகக் கொண்டது. தோட்டா இல்லாத துப்பாக்கியும் துப்பாக்கி இல்லாத தோட்டாவும் தனியே பயன்படா; ஆகவே இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஐந்தாம் பிரிவு பொருந்தும் என்று கூட்டுப்பொருளே கொண்டது. அக்காரணத்தைப் பின்தொடர்ந்தால், வரையறையால் சுடுகலனாகிவிட்ட ஒரு வெறுங்குழாய் அந்தக் கடும்பிரிவுக்குள் தனித்து நுழைய முடியாது. வரையறை விரித்ததை ஓர் உம்மை சுருக்கியது. பல ஆண்டுச் சிறைவாசம் ஓர் இடைச்சொல்லின் பொருளைச் சார்ந்து நிற்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

செயலைச் சொல்லும் வரையறை பெயரைச் சொல்லும் பட்டியலைவிட உறுதியானது என்பதை மேற்கண்ட இரு நிகழ்வுகளிலிருந்தும் உணரலாம். பெயரை மாற்றி இந்தியச் சட்டத்திலிருந்து தப்ப இயலாது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பறவைக்கூண்டு போன்ற இருபயன் கருவி எதற்கென வடிவமைக்கப்பட்டது? இதே ஐயம் அமெரிக்காவில் எழுந்ததுண்டு. எம்16இன் குறுங்குழல் வகையான எக்ஸ்.எம்.177இல் 11.5 அங்குலம் வரை குறுக்கப்பட்ட குழலின் சுடரையும் இரைச்சலையும் தாங்கத்தக்க அளவுக்குக் கொண்டுவர ஏறத்தாழ நான்கரை அங்குலக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. அதைச் செய்தவர்கள் ‘மாடரேட்டர்’, அதாவது மட்டுப்படுத்தி, என்றனர். ஒலியைக் குறைக்கிறது என்பதால் அரசு அதைச் சைலன்சர் வகையில் சேர்த்தது. கருவி ஒன்றே, பொறியாளர் நோக்கத்தைக் கண்டார், அதிகாரி விளைவைக் கண்டார்.

இவ்வரலாறு தமிழில் எழுதுவோர்க்கும் பொருட்படுத்தத்தக்கது. மும்பையின் தெருக்களிலும் தமிழகத்தின் தெருக்களிலும் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் புகைபோக்கி. அது மிகையாக ஒலிப்பதால் போக்குவரத்துக் காவலர் பறிமுதல் செய்கின்றனர். துப்பாக்கியின் சைலன்சரோ ஒலியைக் குறைப்பதால் குற்றமாகிறது. தமிழ்ச் செய்திகளில் குழல்முனைக் கருவிகள் யாவும் ‘சைலன்சர்’ என்ற ஒரே பெயரால் சுட்டப்படும்போது, சுடுபவரின் கண்ணைக் காப்பதும், தோளைக் காப்பதும், காதைக் காப்பதும், சான்றை மறைப்பதும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடுகின்றன.

சட்டத்தைத் தமிழாக்குவோர்க்கு இதைவிட நுண்ணிய பொறுப்பு உண்டு. ‘ஒலி’, ‘ஒளி’ என்னும் இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் எழுத்து. லகரம் ளகரமாகத் தட்டச்சில் பிறழ்ந்தால் குற்றத்தின் இயல்பே மாறும். ‘ஒளி’ என்பது வெளிச்சம் என்னும் பெயர்ச்சொல்லாகவும் மறைத்தல் என்னும் வினையாகவும் வழங்குவது. பிளாஷ் ஹைடர் எதை மறைக்கிறது, யாரிடமிருந்து மறைக்கிறது என்ற வினா அச்சொல்லிலேயே அடங்கியிருப்பது போலத் தோன்றும். சட்டம் அதற்கு விடை கூறிவிடவில்லை. இவற்றையெல்லாம் கடந்து காதுக்கு இனிய ‘ஒலியும் ஒளியும்’ என்ற தொடரை மொழிபெயர்ப்பாளர் கைபோன போக்கில் எழுதிவிட்டால் பெரும்பிழை நேரும். சட்டத்தில் உள்ளது ‘ஒலியையோ ஒளியையோ’. உம்மையைக் கூட்டுப்பொருளில் கொண்டால், சுடரை மட்டும் குறைக்கும் கருவி வரையறைக்கு வெளியே நின்றுவிடும். பம்பாய் வழக்கில் உம்மை காத்தது போலவே, இங்கே உம்மை கைவிடவும் கூடும். துப்பாக்கியின் முனையில் எது இருக்கலாம் என்பதைப் படையும் அரசும் முடிவுசெய்கின்றன. அதற்கு என்ன பெயர், எந்த இடைச்சொல் என்பதை முடிவுசெய்யும் பணி மொழியறிந்தோர்க்கு உரியது.